கப்பலை நகர்த்தியது யார்?



அறிவியல் புத்தகத்தில் 'விசை' என்ற பாடம் வந்தாலே சிலருக்குக் கொட்டாவி வந்துவிடும். "தள்ளுதல் அல்லது இழுத்தலே விசை" என்று மனப்பாடம் செய்வார்கள். தேர்வில் எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கியதும் மறந்துவிடுவார்கள். ஆனால், அந்த ஒரு வரியைச் சரியாகப் புரிந்துகொண்டால், செய்தித்தாளில் வரும் பல செய்திகளுக்கு உள்ளே புகுந்து பார்க்கலாம். உலகமே ஆறு நாட்கள் கவலையோடு கவனித்த ஒரு செய்தியை இன்று அப்படிப் பார்ப்போமா?

நடந்தது என்ன?

அது 2021-ஆம் ஆண்டு, மார்ச் 23-ஆம் தேதி. இடம், எகிப்து நாட்டின் சூயஸ் கால்வாய். செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் இணைக்கும் இந்தக் கால்வாய் 1869-இல் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 193 கிலோமீட்டர். இது இல்லையென்றால், ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் ஆப்பிரிக்கக் கண்டத்தையே சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்த ஆண்டில் உலக வணிகத்தில் ஏறத்தாழ 12 சதவீதம் இந்த வழியாகத்தான் நடந்தது.

அன்று காலை 'எவர் கிவன்' என்ற சரக்குக் கப்பல் இந்தக் கால்வாயில் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நெதர்லாந்து நாட்டின் ராட்டர்டாம் துறைமுகம் போய்ச் சேர வேண்டிய கப்பல் அது. அதன் நீளம் 400 மீட்டர். பள்ளி விளையாட்டு விழாவில் 400 மீட்டர் ஓட்டம் பார்த்திருப்பீர்களே! அவ்வளவு தூரத்துக்கும் ஒரே கப்பல்! அகலம் சுமார் 59 மீட்டர். மேலே அடுக்கடுக்காக 18 ஆயிரத்துக்கும் அதிகமான சரக்குப் பெட்டிகள். கப்பலின் சொந்தக்காரர்கள் ஜப்பானியர்கள். நடத்தியது தைவான் நிறுவனம். கொடி பனாமா நாட்டுக் கொடி. ஆனால், அதில் வேலை செய்த 25 மாலுமிகளும் இந்தியர்கள்!

காலை 7.40 மணி அளவில் பலத்த காற்று. மணல் புழுதியால் எதிரே எதுவும் சரியாகத் தெரியவில்லை. கப்பல் திசை மாறியது. அதன் முன்பகுதி கிழக்குக் கரையில் குத்தி நின்றது. பின்பகுதி மேற்குக் கரையோரம் ஒதுங்கியது. நம் கடலோர மக்கள் கப்பலின் முன்பகுதியை அணியம் என்றும், பின்பகுதியை அமரம் என்றும் சொல்வார்கள். அணியம் ஒரு கரையில், அமரம் மறு கரையில். வாசலில் குறுக்கே போட்ட கட்டில் மாதிரி கால்வாய் அடைபட்டுப் போனது.

காற்று தள்ளியதா?

"காற்று அடித்ததால் கப்பல் சிக்கிக்கொண்டது" என்றுதான் முதலில் செய்தி வந்தது. பட்டத்தைக் காற்று தள்ளும், சரி. இரண்டு லட்சம் டன் வரை சுமை ஏற்றக்கூடிய கப்பலையுமா தள்ளும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அன்று காற்றின் வேகம் மணிக்கு 74 கிலோமீட்டர் வரை இருந்ததாகச் சொன்னார்கள். அந்த வேகத்தில் நேராக வீசும் காற்று, ஒரு சதுர மீட்டர் சுவரை ஏறத்தாழ 250 நியூட்டன் விசையோடு தள்ளும். நியூட்டன் என்பது விசையின் அலகு. ஒரு கிலோ அரிசிப் பையைக் கையில் பிடித்தால், அது உங்கள் கையைச் சுமார் 10 நியூட்டன் விசையோடு கீழே அழுத்தும். ஆக, 250 நியூட்டன் என்றால் 25 கிலோ மூட்டையின் எடை.

கப்பலின் பக்கச் சுவர் எவ்வளவு பெரியது? நீளம் 400 மீட்டர். நீருக்கு மேலே, பெட்டிகளையும் சேர்த்து உயரம் சுமார் 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 16,000 சதுர மீட்டர். ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 25 கிலோ எடை என்றால், மொத்தம் 4,00,000 கிலோ. அதாவது 400 டன்! காற்று சாய்வாக வீசினால் இது குறையும். என்றாலும், கண்ணுக்குத் தெரியாத காற்று எவ்வளவு பெரிய பலசாலி என்று புரிகிறதல்லவா?

இப்படி ஒரு பொருள் மற்றொரு பொருளைத் தொட்டுக்கொண்டே செலுத்தும் விசைக்குத் தொடு விசை என்று பெயர். காற்று கப்பலைத் தொட்டுத் தள்ளுகிறது. நீங்கள் கதவைத் தள்ளுவதும், மாடு வண்டியை இழுப்பதும் தொடு விசைகளே. தசைகளால் செலுத்துவதால் இவற்றைத் தசை விசை என்றும் சொல்வோம்.

தண்ணீரும் இழுத்தது!

காற்று மட்டும்தான் காரணமா? அன்று அதே கால்வாயில் வேறு கப்பல்களும் போயின. அவை சிக்கவில்லையே!

இங்கேதான் இன்னொரு விசை வருகிறது. அகன்ற கடலில் போகும்போது கப்பலைச் சுற்றி நிறையத் தண்ணீர் இருக்கும். குறுகிய கால்வாயில், கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சந்து போன்ற இடைவெளிதான். கப்பல் முன்னே போகும்போது தண்ணீர் அந்தச் சந்து வழியே வேகமாகப் பின்னால் ஓடுகிறது. வேகமாக ஓடும் நீரில் அழுத்தம் குறைவு. மறுபக்கத்து நீரில் அழுத்தம் அதிகம். அதனால் கப்பலின் அமரம் கரைப்பக்கம் இழுக்கப்படும். அணியமோ எதிர்ப்பக்கம் திரும்பும். இதைக் கரை விளைவு என்பார்கள். கப்பல் எவ்வளவு பெரியதோ, எவ்வளவு வேகமோ, அவ்வளவுக்கு இந்த விளைவு கூடும்.

இப்போது கப்பலை ஓட்டுபவரின் இக்கட்டைப் பாருங்கள். மெதுவாகப் போனால் சுக்கான் சரியாக வேலை செய்யாது, காற்று தள்ளிவிடும். வேகமாகப் போனால் சுக்கானுக்குப் பிடிப்பு கிடைக்கும். ஆனால் கரை விளைவு இழுத்துவிடும்! எவர் கிவன் சிக்குவதற்கு முன்பு, கால்வாயில் அனுமதிக்கப்பட்ட வேகத்தைவிட வேகமாகப் போனதாகப் பயணப் பதிவுகளைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். காற்று மட்டுமே காரணமாக இருக்க முடியாது, இயந்திரக் கோளாறோ மனிதத் தவறோ கூட இருக்கலாம் என்று சூயஸ் கால்வாய் ஆணையத் தலைவரே சில நாட்களில் சொன்னார்.

ஆகவே, பெரிய விபத்துக்கு ஒரே ஒரு காரணத்தைச் சொல்லி யாராவது முடித்துவிட்டால், "அங்கே வேறு எந்த விசைகள் இருந்தன?" என்று கேட்கப் பழகுங்கள்.

மணல் பிடித்துக்கொண்டது

கரையில் குத்திய கப்பல் ஏன் திரும்பி வரவில்லை? அதன் இயந்திரம்தான் பெரியதாயிற்றே?

கப்பல் மிதக்கும்போது அதன் மீது இரண்டு பெரிய விசைகள் செயல்படுகின்றன. புவியீர்ப்பு விசை கீழே இழுக்கிறது. தண்ணீர் மேலே தள்ளுகிறது; இதற்கு மிதப்பு விசை என்று பெயர். இரண்டும் சமம். அதனால் கப்பல் மூழ்குவதும் இல்லை, மேலே எழும்புவதும் இல்லை. கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு அணியும் சமபலத்தோடு இழுத்தால் கயிறு நகராமல் நிற்குமே, அது போலத்தான். இவற்றைச் சமன் செய்யப்பட்ட விசைகள் என்பார்கள்.

ஆனால், கப்பலின் அடிப்பகுதி மணலில் ஏறிவிட்டால் கதை மாறுகிறது. எடையில் ஒரு பகுதியை இப்போது தண்ணீர் தாங்கவில்லை, மணல் தாங்குகிறது. மணல் மேல் அழுந்திய பொருளை நகர்த்தப் பார்த்தால் உராய்வு விசை எதிர்க்கும். எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு உராய்வு! நெல் மூட்டையைத் தரையில் இழுத்துப் பாருங்கள். பிறகு அதே மூட்டையை இன்னொருவர் சற்றுத் தூக்கிப் பிடிக்க, நீங்கள் இழுத்துப் பாருங்கள். வேறுபாடு உடனே தெரியும்.

உராய்வு நமக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். உராய்வு இல்லாவிட்டால் நடக்க முடியாது, எழுத முடியாது, மிதிவண்டியை நிறுத்தவும் முடியாது.

மீட்புப் படையின் மூன்று வழிகள்

கப்பலை விடுவிக்க மூன்று வழிகளில் வேலை நடந்தது. மூன்றுமே விசைப் பாடம்தான்!

முதல் வழி, எதிர்க்கும் விசையைக் குறைப்பது. நாம் ஜே.சி.பி. என்று சொல்லும் வகையைச் சேர்ந்த ஒரு மண் அள்ளும் இயந்திரம், மலை போன்ற அணியத்தின் அருகே எறும்பு போல நின்று கரையைத் தோண்டிய படம் உலகம் முழுவதும் பரவியது. பலர் சிரித்தார்கள். ஆனால், அது செய்தது சரியான வேலை. அதோடு, தூர்வாரும் கப்பல்கள் நீருக்கு அடியிலிருந்து சுமார் 30,000 கன மீட்டர் மணலை எடுத்தன. மணல் போகப் போக உராய்வு குறைந்தது.

இரண்டாவது வழி, இழுக்கும் விசையைக் கூட்டுவது. பத்துக்கும் மேற்பட்ட இழுவைப் படகுகள் வந்தன. அவற்றில் நெதர்லாந்தின் 'ஆல்ப் கார்ட்' என்ற இழுவைக் கப்பல் ஏறத்தாழ 285 டன் எடைக்குச் சமமான விசையோடு இழுக்கக்கூடியது. தடித்த கயிறு கட்டி இழுக்கும்போது அந்தக் கயிற்றில் ஏற்படும் விசைக்கு இழுவிசை என்று பெயர்.

முதலில் விடுபட்டது அமரம்தான். அதை இழுப்பதில் ஒரு நன்மை உண்டு. கதவைக் கீல் அருகே தள்ளித் திறந்து பாருங்கள், கஷ்டமாக இருக்கும். கைப்பிடி அருகே தள்ளினால் எளிதில் திறக்கும். அணியம்தான் இங்கே கீல். அதிலிருந்து வெகு தூரத்தில் உள்ள அமரத்தை இழுத்தால், அதே விசை அதிகமாகத் திருப்பும்.

மூன்றாவது வழி, கப்பலை மேலே தூக்குவது. கப்பல் ஆடாமல் நிலையாக இருக்க, அதன் அடியில் உள்ள தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி வைப்பார்கள். அந்தத் தண்ணீரில் சில ஆயிரம் டன்களை வெளியேற்றினார்கள். எடை குறைந்தது. ஆனால், கப்பலைத் தூக்கிவிட வேறொரு பெரிய ஆளும் வந்தார். அவர் வந்தது பூமியிலிருந்து அல்ல!

தொடாமலே தூக்கிய நிலா

2021 மார்ச் 28 அன்று பௌர்ணமி. பௌர்ணமி, அமாவாசை நாட்களில் சூரியன், பூமி, நிலா மூன்றும் ஏறத்தாழ ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். நிலாவின் ஈர்ப்பும் சூரியனின் ஈர்ப்பும் சேர்ந்து கடல் நீரை இழுக்கும். அந்த நாட்களில் கடல் வழக்கத்தைவிட அதிகமாக ஏறும். இதுவே உயர் ஓதம். கடலோரத்தில் வசிக்கும் பிள்ளைகள் இதைப் பார்த்திருப்பீர்கள்.

கடலோடு இணைந்திருப்பதால் சூயஸ் கால்வாயின் தென்பகுதியிலும் தண்ணீர் ஏறியது. சில பத்து சென்டிமீட்டர் ஏறினால் என்ன பெரிய பயன் என்கிறீர்களா? மறுபடி கணக்குதான்!

நீர்மட்டத்தில் கப்பலின் பரப்பு சுமார் 18,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓரிடத்திலேயே நிற்கும் கப்பலைச் சுற்றித் தண்ணீர் 1 சென்டிமீட்டர் ஏறினால், கூடுதலாக 180 கன மீட்டர் தண்ணீரைக் கப்பல் விலக்குகிறது. ஒரு கன மீட்டர் நீரின் எடை சுமார் 1 டன். ஆகவே, கப்பலை மேலே தள்ளும் விசை 180 டன் எடை அளவுக்குக் கூடுகிறது. 10 சென்டிமீட்டர் ஏறினால் 1,800 டன்! ஆல்ப் கார்ட் போன்ற ஆறு கப்பல்களின் இழுப்பைவிட இது அதிகம். அதுவும் சத்தம் இல்லாமல், டீசல் இல்லாமல்!

மார்ச் 29 அதிகாலையில் அமரம் விடுபட்டது. கரையிலிருந்து 4 மீட்டர் தூரத்தில் கிடந்த அமரம் 102 மீட்டர் தள்ளி வந்தது. அன்று பிற்பகல் 3 மணி அளவில் அணியமும் விடுபட்டது. இழுவைப் படகுகள் எல்லாம் மகிழ்ச்சியில் சங்கு ஊதின.

நிலா கப்பலைத் தொடவில்லை. கயிறும் கட்டவில்லை. சுமார் 3,84,000 கிலோமீட்டர் தூரத்திலிருந்து இழுத்தது. இப்படித் தொடாமலே செயல்படும் விசைக்குத் தொடா விசை என்று பெயர். ஈர்ப்பு விசை அதில் ஒன்று. திசைகாட்டியின் முள்ளைத் திருப்பும் காந்த விசை மற்றொன்று. தலை சீவிய சீப்பு காகிதத் துண்டுகளை இழுக்கிறதே, அந்த நிலைமின்னியல் விசையும் தொடா விசைதான்.

ஆக, கப்பலை நகர்த்தியது யார்? மண் அள்ளியவரா, இழுவைப் படகா, நிலாவா? தனியாக யாரும் இல்லை. எதிர்க்கும் விசை குறைந்து, உதவும் விசைகள் கூடி, சமநிலை மாறிய நேரத்தில் கப்பல் நகர்ந்தது. நகர்வுக்குக் காரணம் சமன் செய்யப்படாத விசை.

நிறுத்துவதற்கும் விசை வேண்டும்

நின்ற கப்பலை நகர்த்துவது கடினம் என்று பார்த்தோம். ஓடும் கப்பலை நிறுத்துவது எப்படி?

2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் 'டாலி' என்ற சரக்குக் கப்பல் நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டது. திடீரென்று மின்சாரம் நின்றது. இயந்திரமும் சுக்கானும் செயலிழந்தன. தளர்ந்திருந்த ஒரு மின்கம்பி இணைப்பில்தான் கோளாறு தொடங்கியது என்று அமெரிக்க விசாரணை அமைப்பு 2025 நவம்பரில் கூறியது.

"இயந்திரம் நின்றால் கப்பலும் நின்றுவிடுமே!" என்று தோன்றுகிறதா? அப்படித்தான் பலர் நினைக்கிறார்கள். ஆனால், ஓடும் பொருள் தொடர்ந்து ஓட விசை தேவையில்லை. அதை நிறுத்தத்தான் விசை தேவை. இதுதான் நியூட்டனின் முதல் விதி. தண்ணீரின் எதிர்ப்பு அவ்வளவு பெரிய கப்பலை உடனே நிறுத்தப் போதாது. நங்கூரம் போட்டும் நிற்கவில்லை. மிதிவண்டி போகும் வேகத்தில்தான் போனது. ஆனாலும் பாலத்தின் தூணில் மோத, பெரிய இரும்புப் பாலமே சரிந்தது. பாலத்தின் மேல் சாலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் ஆறு பேர் உயிரிழந்தனர்.

கப்பலிலிருந்து உடனே ஆபத்துச் செய்தி அனுப்பியதால், பாலத்துக்கு வரும் வண்டிகளைப் போலீசார் தடுத்துவிட்டார்கள். இல்லையென்றால் இன்னும் பல உயிர்கள் போயிருக்கும். இந்தக் கப்பலின் 21 மாலுமிகளில் 20 பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கையர்.

யாருக்கு எவ்வளவு நஷ்டம்?

சூயஸ் கால்வாய் ஆறு நாட்கள் அடைபட்டதில் நானூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் வரிசையில் நின்றன. ஆடு மாடுகளை ஏற்றி வந்த கப்பல்களும் அதில் உண்டு. மீட்புப் பணியின்போது ஒரு படகு மூழ்கி ஒருவர் இறந்ததாகக் கால்வாய் ஆணையம் பின்னர் தெரிவித்தது. நஷ்ட ஈடு கேட்டு எகிப்து கப்பலைப் பிடித்து வைத்துக்கொண்டது. பேச்சுவார்த்தை முடிந்து ஜூலை 7-ஆம் தேதிதான் கப்பல் புறப்பட்டது. அதுவரை நம் நாட்டு மாலுமிகளில் பெரும்பாலோர் மூன்று மாதத்துக்கு மேல் கப்பலிலேயே காத்திருந்தார்கள்.

அடுத்து ஒன்றை யோசியுங்கள். பெரிய கப்பலில் ஒரே தடவையில் நிறையச் சரக்கு போகும். பெட்டி ஒன்றுக்குச் செலவு குறையும். அதனால் கப்பல்கள் ஆண்டுதோறும் வளர்ந்தன. ஆனால் கப்பல் வளர்ந்தால், காற்று தள்ளும் பரப்பும் வளரும்; கரை விளைவும் வளரும்; நிறுத்தத் தேவைப்படும் விசையும் வளரும். கால்வாயும் பாலமும் அதே வேகத்தில் வளர்ந்தனவா? இல்லை. எவர் கிவன் சிக்கிய பிறகுதான், கால்வாயின் தென்பகுதியை 40 மீட்டர் அகலப்படுத்தி ஆழப்படுத்தும் திட்டத்தை 2021 மே மாதம் எகிப்து அறிவித்தது. இயற்கையின் கணக்கில் தள்ளுபடி கிடையாது. மிச்சம் பிடிக்கும்போதே பாதுகாப்புக்கும் கணக்குப் போட வேண்டும். இது கப்பலுக்கு மட்டும் அல்ல. அளவுக்கு மேல் பாரம் ஏற்றிய லாரிக்கும், படிக்கட்டில் தொங்கியபடி போகும் பேருந்துப் பயணத்துக்கும் பொருந்தும்.

செய்து பாருங்கள்

1. இரண்டு காகிதங்களைச் சிறு இடைவெளி விட்டுத் தொங்கப் பிடியுங்கள். நடுவில் வேகமாக ஊதுங்கள். காகிதங்கள் விலகுமா, நெருங்குமா? முதலில் ஊகித்துச் சொல்லிவிட்டுப் பிறகு ஊதுங்கள். கரை விளைவு நினைவுக்கு வரும்.

2. ஒரு தொட்டியில் ஈர மணல் பரப்பி, சிறிதளவு தண்ணீர் ஊற்றுங்கள். அதில் ஒரு கிண்ணத்தைத் தரைதட்டும்படி வையுங்கள். உள்ளே சில கூழாங்கற்கள் போடுங்கள். கிண்ணத்தில் நூல் கட்டி மெல்ல இழுங்கள். பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மறுபடி இழுங்கள். எந்த இடத்தில் எளிதாக நகரத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கே நீங்கள்தான் நிலா!

அடுத்த தடவை செய்தித்தாளில் பாலம் சரிந்தது, மரம் விழுந்தது, ராக்கெட் பறந்தது என்று படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தள்ளியது எது? இழுத்தது எது? எதிர்த்தது எது? விடை கிடைத்தால், நோட்டுப் புத்தகத்தில் ஒரு படம் வரைந்து, ஒவ்வொரு விசைக்கும் ஓர் அம்புக்குறி போடுங்கள். பெரிய விசைக்குப் பெரிய அம்பு, சிறிய விசைக்குச் சிறிய அம்பு. செய்தி உங்களுக்குப் புதிதாகப் புரியும்.